ஊமை தின்ற வேர்

பெய்ஜிங்கில் ஐந்தாவது மாடிக்குத் தண்ணீர்க் கேனைத் தூக்கிவந்து வாசலில் இறக்கும் இளைஞனிடம், வீட்டுக்காரர் ‘நன்றி’ என்று மட்டும் சொல்லி நிறுத்துவதில்லை. ‘ஷின்கூ ல’ என்பார். ஷின் என்றால் காரம், கூ என்றால் கசப்பு. ‘ல’ என்பது காரியம் நடந்தேறியதைக் காட்டும் அசை. ‘காரமும் கசப்பும் ஆயிற்று உங்களுக்கு’ என்கிறார். ‘ரொம்பச் சிரமப்பட்டுட்டீங்க’ என்று நாம் சொல்வோமே, அதுதான். ராத்திரி வேலை முடித்துக் கிளம்பும் செவிலியரிடமும், பிள்ளைகளுக்காக ஓடாய்த் தேய்ந்த அப்பாவிடமும் இந்த இரண்டு சுவைகளைத்தான் சொல்கிறார்கள்.

நாம் துன்பத்தைத் தோளில் வைத்திருக்கிறோம். அது பாரம், சுமை. சில சமயம் நெஞ்சில் வைக்கிறோம், அங்கே அது முள். சீன மொழிக்கும் சுமை தெரியும். ஆனாலும் துன்பத்துக்கு அது கொடுத்திருக்கும் முதல் இடம் நாக்கு. கஷ்டப்படுவதற்கு அங்கே அன்றாட வினை ‘ச்சிகூ’, அதாவது கசப்பைத் தின்பது. தமிழில் துன்பம் வருகிறது, நேர்கிறது, சூழ்கிறது. நாம் அதில் ‘படுகிறோம்’. மேலே வந்து விழுவது அது, கீழே நிற்பது நாம். சீனத்தில் மனிதர் தட்டின் முன் உட்கார்ந்து அதைத் தின்கிறார். ஆகவே கசப்புத் தின்பது அங்கே ஒரு திறமை. ஆள் எடுக்கும் விளம்பரங்களில் ‘கசப்புத் தின்பவராக, உழைப்பைத் தாங்குபவராக இருக்க வேண்டும்’ என்பது சாதாரண வாசகம். கருத்தாகப் படிக்கும் மாணவனைப் பாராட்டும் சொல் ‘கேகூ’. கசப்பைச் செதுக்குவது என்பது அதன் எழுத்துப் பொருள்.

தின்பது என்ற அந்த வினைக்குச் சீனத்தில் பசி அதிகம். திடுக்கிட்டவர் அச்சத்தைத் தின்கிறார். பொறாமைப்படுகிறவர் வினிகர் குடிக்கவில்லை, தின்கிறார். வழக்கில் மாட்டியவர் வழக்கைத் தின்கிறார். பார்க்கப் போன வீட்டில் கதவு திறக்கவில்லை என்றால் ‘சாத்திய கதவின் சூப்பைத் தின்றுவிட்டு’த் திரும்புகிறார். ஏமாந்தவர் நட்டத்தைத் தின்கிறார். நட்டம் தின்பதும் ஒரு பாக்கியமே என்று 18-ஆம் நூற்றாண்டு ஓவியர் ஜெங் பான்சியாவ் எழுதியதாகச் சொல்லப்படும் தூரிகை எழுத்து, இன்றும் கடைச் சுவர்களில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. தாங்க முடியாததைச் ‘செரிக்க முடியவில்லை’ என்கிறார்கள்.

இதைப் பார்த்துச் சீனரின் சாப்பாட்டுப் பித்து என்று சிரித்துவிட வேண்டாம். அடியுண்டான், வெட்டுண்டான், கட்டுண்டான் என்று எழுதியவர்கள் நாம். பிறர் செய்ததை ஒருவன் ஏற்கும்போது, அந்தச் செயப்பாட்டு வினைக்குத் தமிழ் கொடுத்த துணைவினைகளுள் ஒன்று ‘உண்’. சீனத்திலும் ஒரு காலத்தில் அப்படியே இருந்தது. யுவான், மிங் அரசர் காலத்துப் பேச்சுவழக்குக் கதைகளில், ‘நீர்க்கரை’ நாவலிலும்கூட, ‘அவன் இவனால் அடிக்கப்பட்டான்’ என்பதற்குத் ‘தின்’ என்ற அதே சொல் செயப்பாட்டு உருபாக நிற்கிறது. ஒன்றோடொன்று உறவில்லாத இரு மொழிகள், மனிதன் மேல் வந்து விழுவதையெல்லாம் அவன் வாய்வழியாகவே உள்ளே அனுப்பியிருக்கின்றன. இலக்கண ஆசிரியர்கள் இதைப் பள்ளியில் சொல்லியிருந்தால், செய்வினை செயப்பாட்டுவினைப் பாடத்தில் நான் தூங்கியிருக்க மாட்டேன்.

கூ என்ற எழுத்தின் தலையில் புல்லைக் குறிக்கும் குறி இருக்கிறது. கீழே இருப்பது ‘பழைய’ என்று பொருள்படும் எழுத்து. அது இங்கே ஒலிக்காக மட்டும் வந்திருக்கிறது. புல்லுக்கு இங்கே என்ன வேலை? கி.பி. 100-ஐ ஒட்டி ஷூ ஷென் தொகுத்த எழுத்தகராதி இதற்குத் தரும் பொருள் துன்பமும் இல்லை, கசப்பும் இல்லை, ஒரு செடி. செடியின் பெயர் அதன் சுவைக்கு ஆகி, சுவையின் பெயர் வாழ்க்கைக்கு ஆகியிருக்கிறது. கீரை பறித்தவர்கள் கண்டுபிடித்த சொல் என்று நினைத்துக்கொள்வதில் தவறில்லை.

கசப்பு ஏன் இந்த வேலைக்குத் தேர்வானது என்பதற்கு உடலிலேயே ஒரு விடை இருக்கிறது. இனிப்பை அறிய நம் நாக்கில் ஒரே வகை ஏற்பிதான் உண்டு. கசப்புக்கோ ஏறத்தாழ 25 வகைகள். காரணம் எளிது. இனிப்பு என்றால் சக்தி. அதற்கு ஓர் அடையாளம் போதும். தாவரங்கள் தம்மைத் தின்ன வருபவர்களை விரட்டச் செய்துவைத்த நஞ்சுகளோ ஆயிரம் வகை. ஒவ்வொன்றையும் பிடிக்கக் காவலர்கள் நிறைய வேண்டும். பிறந்த குழந்தையின் நாக்கில் கசப்பான துளியை வைத்தால் அது முகத்தைச் சுளித்து வாயைத் திறந்து வெளியே தள்ளும்; யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. கசப்பைக் கண்டதும் துப்பு என்பதே உடலின் முதல் கட்டளை. அந்தக் கட்டளையை மீறி விழுங்குகிறவர்தான் ‘கசப்புத் தின்ன வல்லவர்’. அந்தச் சொற்றொடரின் வலு முழுக்க இந்த மீறலில் இருக்கிறது.

இதற்கு மேலும் அறிவியலை இழுக்கலாமா என்றால், கொஞ்சம் நிதானம் தேவை. கசப்பான பானம் குடித்தவர்கள் பிறர் குற்றங்களைக் கடுமையாக எடைபோட்டார்கள் என்று 2011-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. நாக்கின் கசப்பு மனசுக்குள் இறங்குகிறது என்று பத்திரிகைகள் கொண்டாடின. பல ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து ஆயிரம் பேருக்கு மேல் வைத்து அதையே திரும்பச் செய்து, 2020-இல் முடிவை வெளியிட்டபோது அந்த விளைவு தென்படவில்லை. உவமையை மூளையில் தேடிப் பிடிக்கும் அவசரம் நமக்கு எப்போதும் உண்டு. மொழியில் அது இருக்கிறது என்பதே போதுமான அதிசயம்.

சீனத்தில் கசப்புக்கு ஒரு தலைவன் உண்டு. பெயர் ஹுவாங்லியன். சிச்சுவான், சோங்சிங், ஹுபெய் மலைகளின் ஈர நிழலில் வளரும் சிறு செடி. நட்டு ஐந்து வருஷம் போலக் காத்திருந்து தோண்டினால் கோழிக்கால் மாதிரி கிளைத்த கிழங்கு கிடைக்கும். உடைத்தால் உள்ளே அடர் மஞ்சள். அந்த மஞ்சளும் அந்தக் கசப்பும் பெர்பெரின் என்ற ஒரே பொருளின் வேலை. நம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் மரமஞ்சளில் இருப்பதும் அதுதான். வயிற்றுப்போக்குக்கு ஹுவாங்லியன் கொடுப்பது சீனத்தில் பழைய வைத்தியம். பெர்பெரின் மாத்திரையாக இன்றும் தொடர்கிறது. நல்ல மருந்து வாய்க்குக் கசக்கும் என்ற பழமொழிக்கு இதைவிடப் பொருத்தமான சாட்சி வேண்டாம்.

இந்த வேரைச் சுற்றித்தான் சீனத்தின் மிகத் துல்லியமான துன்ப மொழி பிறந்திருக்கிறது: ‘ஊமை ஹுவாங்லியன் தின்றான்’. இங்கே நிறுத்திவிடுவார்கள். கேட்பவர் மிச்சத்தைத் தாமே முடித்துக்கொள்ள வேண்டும்: ‘கசக்கிறது, சொல்ல முடியவில்லை.’ பாதியைச் சொல்லிப் பாதியை விழுங்கும் இந்த வகைக்கு ஷியேஹௌயு என்று பெயர். விடுகதையும் பழமொழியும் கலந்த வடிவம் அது. அதிகாரி செய்த அநியாயத்தை வெளியே சொன்னால் வேலை போகும் என்றிருப்பவர், கடன் வாங்கிய உறவினரிடம் கேட்கக் கூசுகிறவர், இவர்களெல்லாம் முதல் பாதியை மட்டும் சொல்லிவிட்டுத் தேநீர்க் கோப்பையைப் பார்ப்பார்கள். சொல்ல முடியாததைப் பற்றிய பழமொழியில், சொல்லாமல் விடும் பாதியே பொருள். வடிவமே விஷயமாகிவிட்ட இப்படி ஒன்று வேறு மொழியில் எளிதில் கிடைக்காது. நம்மிடம் ஊமை கண்ட கனா இருக்கிறது. ஆனால் நம் ஊமை கனவுதான் கண்டான். சீன ஊமையின் வாயில் வேர் இன்னும் கிடக்கிறது.

இதே வகையில் கொண்டாட்டமும் உண்டு. ஹுவாங்லியனோடு பன்றிப் பித்தப்பையைச் சேர்த்துச் சமைத்தால்? கசப்பின் மேல் கசப்பு. ஹுவாங்போ மரத்தடியில் உட்கார்ந்து யாழ் மீட்டினால்? கசப்புக்கு நடுவே களிப்பு. ஹுவாங்போவும் கசப்பு மரந்தான், அதன் பட்டையிலும் பெர்பெரின்தான்.

அந்தப் பட்டைக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அதன் சாற்றில் தோய்த்த தாளைப் பூச்சி அண்டாது என்பதால், பழஞ்சீனத்தில் சுவடித் தாள்களை அதில் நனைத்து மஞ்சளாக்கினார்கள். தேதி குறிக்கப்பட்ட அச்சுநூல்களில் முழுமையாகக் கிடைத்தவற்றுள் மிகப் பழையது, துன்ஹுவாங் குகையில் கிடைத்து இப்போது லண்டனில் இருக்கும் கி.பி. 868-ஆம் ஆண்டு வைர சூத்திரம். அதன் தாளும் ஹுவாங்போ தோய்த்ததே. புத்த நூல்கள் இந்தியாவிலிருந்து சீனத்துக்குப் போனபோது ‘துக்க’ என்ற சொல்லை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. தமிழ் அதை ஒலியோடு வாங்கித் துக்கம் என்று வைத்துக்கொண்டது; பிறகு சாவு வீட்டுக்கு அதை ஒதுக்கி, ‘துக்கம் விசாரிக்க’ப் போகிறது. சீன மொழிபெயர்ப்பாளர்கள் ஒலியை விட்டுவிட்டுக் ‘கூ’ என்று எழுதினார்கள். புத்தரின் முதல் வாய்மை அங்கே ஒரு சுவையாகிவிட்டது. பிறப்பு, மூப்பு, பிணி, சாக்காடு, பிரிவு, வெறுத்தவரோடு சேர்ந்திருத்தல், தேடியது கிடைக்காமை, உடலும் மனமுமான இந்தக் கட்டுமானம் என எட்டுக் கசப்புகள். கசப்புக் கடலுக்குக் கரையில்லை, தலையைத் திருப்பினால் அதுவே கரை என்ற பழமொழி அந்த வழியில் வந்து, இன்று போலீஸ்காரர் திருடனுக்குச் சொல்லும் அறிவுரை வரைக்கும் இறங்கியிருக்கிறது. கசப்பைப் பற்றிய போதனைகளைக் கசப்புச் சாற்றில் நனைத்த தாளில் அச்சிட்டார்கள். தற்செயல்தான், ஆனாலும் மனம் அதைத் தற்செயல் என்று விட மறுக்கிறது.

இனி அரசன் கதை. சீனக் குழந்தைகள் பள்ளியில் கற்கும் நான்கெழுத்துத் தொடர்களில் ஒன்று, வோ ஷின் சாங் டான்: விறகின் மேல் படுத்தான், பித்தப்பையைச் சுவைத்தான்.

இன்றைய ஷாவோஷிங் நகரத்தைச் சுற்றியிருந்த யுவே நாட்டின் அரசன் கோஜியான். கி.மு. 494-இல் பக்கத்து வூ நாட்டின் ஃபூச்சாயிடம் தோற்று, மிஞ்சிய 5,000 வீரர்களோடு குவாய்ஜி மலையில் சுற்றி வளைக்கப்பட்டான். சமாதானம் பேசி உயிர் பிழைத்தான். விலை, எதிரியின் நாட்டில் வேலைக்காரனாக இருப்பது. ஃபூச்சாய் நோயுற்றபோது அவனுடைய மலத்தைச் சுவைத்துப் பார்த்துக் குணமாகும் என்று கோஜியான் சொன்னதாகவும் பிற்காலக் கதை ஒன்று சேர்க்கிறது. அதை நம்ப வேண்டியதில்லை. ஆனால் தின்பதிலேயே கதை போகிறது என்பதைக் கவனிக்கலாம். ஊர் திரும்பியதும் தன் இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு பித்தப்பையைத் தொங்கவிட்டான். உட்காரும்போதும் படுக்கும்போதும் அதைப் பார்த்தான். சாப்பிடும் முன் அதை நக்கினான். குவாய்ஜி அவமானம் மறந்துவிட்டதா என்று தன்னையே கேட்டுக்கொண்டான். கி.மு. 473-இல் வூ நாடு அழிந்தது. ஃபூச்சாய் தற்கொலை செய்துகொண்டான்.

பித்தப்பை பண்டைய வரலாற்றாசிரியர் சிமா சியேனின் நூலிலேயே இருக்கிறது. விறகுப் படுக்கை அதில் இல்லை. சுமார் ஆயிரம் ஆண்டு கழித்து சோங் அரசர் காலத்தில்தான் விறகும் பித்தமும் ஒரே தொடராகச் சேர்கின்றன. கவிஞர் சூ ஷி விளையாட்டாக எழுதிய ஒரு கற்பனைக் கடிதத்தில் அது வருகிறது. பழமொழிக்கு நான்கு எழுத்து தேவைப்பட்டது. அரசன் முதுகுக்கு விறகு கிடைத்தது.

1965 டிசம்பரில், ஹுபெய் மாகாணத்தின் ஜியாங்லிங்கில் ஒரு கல்லறையைத் தோண்டியவர்கள் மரத்தாலான உறைக்குள் ஒரு வெண்கல வாளைக் கண்டார்கள். நீளம் 55.7 சென்டிமீட்டர். ஏறத்தாழ இரண்டாயிரத்து நானூறு ஆண்டு மண்ணில் கிடந்தும் துரு அண்டவில்லை, கூர் மழுங்கவில்லை. பறவை உருவங்களைப் போல வளைத்து எழுதிய எட்டு எழுத்துகளை அறிஞர்கள் படித்தபோது, அது யுவே அரசன் கோஜியான் தனக்கெனச் செய்துகொண்ட வாள் என்று தெரிந்தது. இப்போது வூஹானில், மாகாண அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பித்தப்பை கிடைக்கவில்லை, நல்லவேளை.

கதையில் பாடநூல்கள் வேகமாகத் தாண்டிப்போகும் ஒரு பகுதி உண்டு. வெற்றிக்குப் பிறகு அமைச்சர் ஃபான் லி சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டார். இந்த அரசனோடு கஷ்டத்தில் கூட இருக்கலாம், நல்ல காலத்தில் கூட இருக்க முடியாது என்று நண்பருக்கு எழுதினார். முயல் செத்ததும் வேட்டைநாய் சட்டிக்குப் போகும் என்ற தொடர் இந்தக் கதையில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நண்பர் வென் ஜோங் போகவில்லை. அரசன் அவருக்கு ஒரு வாளை அனுப்பினான், தற்கொலைக்கு. இனிப்பிலும் கசப்பிலும் பங்கு என்பது சீனத்தில் தம்பதிகளுக்கும் தோழர்களுக்கும் சொல்லும் நான்கெழுத்து வாழ்த்து. கோஜியான் கசப்பை மட்டும் பங்குபோட்டான்.

அந்தப் பங்கீட்டுக் கணக்கு இருபதாம் நூற்றாண்டிலும் நேராகவில்லை. கோஜியானின் பழைய நாட்டுப் பகுதியிலேயே பிறந்த தேசியவாதத் தலைவர் சியாங் கை ஷேக், 1928-இல் ஜப்பானியப் படையிடம் ஜினான் நகரில் பட்ட அவமானத்துக்குப் பிறகு, ‘அவமானத்தைத் துடை’ என்று தன் நாட்குறிப்பில் நாள்தோறும் எழுதிவந்தார். அவரைத் துரத்திய கம்யூனிஸ்டுகளும் அதே அரசனைத்தான் அழைத்தார்கள். 1961-இல், கொடும் பஞ்சத்தின் நடுவே, நாடகாசிரியர் சாவ் யூ கோஜியானை மேடையேற்றினார். பசித்த நாட்டுக்குப் பித்தப்பை நக்கிய அரசனைக் காட்டுவதில் இருந்த பொருத்தத்தை என்னால் பாராட்டவும் முடியவில்லை, பழிக்கவும் முடியவில்லை.

ஆனால் அதே கட்சி அதற்கு முன் இன்னொன்றும் செய்திருந்தது. 1940-களின் பிற்பகுதியில் நிலச் சீர்திருத்தத்தின்போது, கிராமங்களில் ‘சூகூ’ கூட்டங்கள் நடத்தினார்கள். கசப்பைச் சொல்லுவது என்று பொருள். பண்ணையாரின் எதிரில் குத்தகைக்காரரை நிறுத்தி, தின்றதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லச் செய்தார்கள். தலைமுறை தலைமுறையாக வாயை மூடியிருந்த ஊமை பேசினான். அந்தக் கூட்டங்கள் எங்கே போய் முடிந்தன என்பது ரத்தம் தோய்ந்த வரலாறு. பல பண்ணையார்கள் அந்த இடத்திலேயே அடித்துக் கொல்லப்பட்டார்கள். இருந்தாலும் மொழியின் பக்கத்திலிருந்து பார்த்தால், விழுங்கச் சொல்லிய சொல்லை வெளியே துப்பும் சொல்லாக மாற்றியது பெரிய திருப்பம்.

அது நீடிக்கவில்லை. 1960-களில் கசப்பைச் சொல்லுவது, ‘கசப்பை நினை, இனிப்பை எண்ணு’ என்று மாறியது. கசப்பு பழைய சமுதாயத்துக்கு மட்டும் உரியது, இனிப்பு புதியதற்கு. தவிடும் காட்டுக்கீரையும் வேகவைத்து ‘கசப்பு நினைவுச் சோறு’ என்று பள்ளிப் பிள்ளைகளைத் தின்னவைத்தார்கள். பழைய கஷ்டத்தைச் சொல்ல மேடையேற்றிய கிழவர்கள் சிலர், வரிசை மறந்து, மூன்று நான்கு வருஷத்துக்கு முந்தைய பஞ்சத்தைப் பற்றிப் பேசத் தொடங்கி, கூட்டம் நடத்தியவர்களைத் திணறடித்ததுண்டு. நாக்குக்கு ஆட்சிமாற்றம் தெரியாது.

பாகற்காயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. சீனத்தில் அது கூ குவா, கசப்புக் காய். கான்டன் பக்கத்தில் கசப்பு என்ற சொல்லையே வாயில் எடுக்கக் கூசி, குளிர்ச்சிக் காய் என்கிறார்கள். அதற்கு ‘சான்றோர் காய்’ என்றும் ஒரு பெயர் உண்டு. இறைச்சியோடு வேகவைத்தால் தன் கசப்பை இறைச்சிக்குக் கொடுக்காதாம், தன்னோடு வைத்துக்கொள்ளுமாம். மிங் அரச குடும்பத்தில் 1642-இல் பிறந்து, இரண்டு வருஷத்தில் அரசே கவிழ, உயிர் தப்பத் துறவியாக்கப்பட்ட ஓவியர் ஷிதாவ், பாகற்காய்த் துறவி என்றே தன்னை அழைத்துக்கொண்டார். உடைந்த பல்லை ரத்தத்தோடு விழுங்கு என்று ஒரு பழமொழி உண்டு. அதன் வீராப்பைவிட இந்தக் காய் எனக்கு மேலாகப் படுகிறது.

விழுங்கச் சொல்லும் பழமொழிகளில் தலையாயது, ‘கசப்பிலும் கசப்பைத் தின்றவனே மேலோரிலும் மேலோன்’ என்பது. சீன வீடுகளில் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை இதைக் கேட்காமல் வளர முடியாது. இன்றைய அதிபர் ஷி ஜின்பிங் 1969-இல், 15 வயதில், ஷான்ஷி மலைக் கிராமம் ஒன்றுக்கு அனுப்பப்பட்டுக் குகை வீட்டில் ஏழு வருஷம் இருந்தவர். 2023 மே மாதம், சீன வேளாண் பல்கலைக்கழக மாணவர்களுக்கு எழுதிய கடிதத்தில், கசப்பைத் தேடிப்போய்த் தின்னும் மனப்பான்மையைப் பாராட்டினார். அடுத்த மாதம் நகரங்களில் 16 முதல் 24 வயது வரையிலானவர்களில் வேலையில்லாதோர் 21.3 சதவீதமாக இருந்ததாக அரசே கணக்குச் சொன்னது. ஆகஸ்டில் அந்தக் கணக்கை வெளியிடுவதைச் சில மாதங்களுக்கு நிறுத்திவைத்தார்கள். இளைஞர்களிடம் பழமொழியின் வேறொரு பதிப்பு புழங்குகிறது: கசப்புத் தின்னத் தயாராயிரு, தீராத கசப்பு கிடைக்கும். 2021-இல் பரவிய இன்னொரு சொல் டாங்பிங்: நீட்டிப் படுத்துக்கொள்வது. விறகில்லாமல், சாதாரணப் பாயில்.

கடைசியாக, சீனத்தின் கசப்புச் சொற்களில் நம் வீட்டிலிருந்து போனதாகப் பலர் கருதும் ஒன்று. 19-ஆம் நூற்றாண்டில் அடிமை வணிகம் தடைப்பட்டபோது, தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் ஆள் தேடிய கப்பல்கள் தென்சீனத் துறைமுகங்களுக்கு வந்தன. 1847 முதல் 1874 வரை க்யூபாவுக்கு மட்டும் ஏறத்தாழ 1,25,000 சீனர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். எட்டு வருஷ ஒப்பந்தம், மாதம் நான்கு பெசோ. 1874-இல் சீன அரசு சென் லான்பின் தலைமையில் ஒரு விசாரணைக் குழுவை அங்கே அனுப்பியது. 1,176 பேர் வாக்குமூலம் கொடுத்தார்கள், 85 மனுக்கள் வந்தன. வந்தவர்களில் பத்தில் எட்டுப் பேர் தாங்கள் கடத்தப்பட்டோம் அல்லது ஏமாற்றி ஏற்றப்பட்டோம் என்றார்கள். கரும்புத் தோட்டத்தில் நின்று அவர்கள் சொன்னதெல்லாம் எழுதிக்கொள்ளப்பட்டது.

இந்த ஆட்களுக்கு ஐரோப்பியர் வைத்திருந்த பெயர், இந்தியக் கரைகளில் அவர்கள் எடுத்துக்கொண்டது. குஜராத்தின் கோலி மக்கள் பெயரே மூலம் என்பார் உண்டு. வேலைக்குக் கொடுக்கும் காசைக் குறிக்கும் தமிழ்ச் சொல்லே மூலம் என்பவர்களும் உண்டு. இரண்டும் கலந்தது என்பாரும் உண்டு. ஆங்கிலத்தில் அது காசை விட்டு ஆளைக் குறித்தது. சீனத்துக்குப் போனபோது, ஒலிக்கு ஏற்ற இரண்டு எழுத்துகளைத் தேர்ந்தார்கள். முதலாவது கூ, கசப்பு. இரண்டாவது லி, வலு. கசப்பான வலு. சேர்த்து வாசித்தால் கூலி.